வளவுத் தோட்டத்துக்கு எந்தச் சட்டம், எந்தக் கந்தோர்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் இரண்டு பரப்பு (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) வளவில் தங்கச்சி கீரை, மிளகாய், கத்தரி போட்டிருக்கிறார். பின் விறாந்தையில் காளான் பைகள் தொங்குகின்றன. அயலட்டைக்கும் சந்திக் கடைக்கும் கொடுக்கிறார். இனி முருங்கையிலைத் தூள், நெல்லி ரசம் என்று அடைத்து விற்க யோசனை. அதற்குள் யாரோ "பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வழக்குப் போடுவார்" என்று வெருட்டிவிட்டார்கள். பக்கத்தில் சும்மா கிடக்கும் பெரியப்பாவின் காணியிலும் செய்யலாமா, கனடாவில் இருந்து மாமி விதை கொண்டுவரலாமா, நிற்கிற ஆறு கோழிக்கும் அனுமதி வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பயத்தை விடுங்கள். வீட்டு வளவில் மரக்கறி நடுவதற்கு இலங்கையில் எந்தக் கந்தோரிலும் அனுமதி எடுக்கத் தேவையில்லை. அரசாங்கமே விதைப் பக்கற்றும் நாற்றும் கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்கிறது. குழப்பம் வருவது வேறு இடத்தில். "சிறு தோட்டக்காரர் சட்டம்" என்று ஒரே கட்டாக எதுவும் கிடையாது. உணவுக்கு ஒரு சட்டம், பீடைகொல்லிக்கு ஒன்று, விதைக்கு ஒன்று, பசளைக்கு ஒன்று, நுளம்புக்கும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கந்தோர், வெவ்வேறு உத்தியோகத்தர். அனேகமானவை பெரிய வியாபாரிகளை நினைத்து எழுதப்பட்டவை. இரண்டு பரப்புக்காரர் அதற்குள் தன் பங்கைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

நான் இதைப் பார்க்கிற விதம் இதுதான். பறித்த மரக்கறி பறித்தபடியே கைமாறும்வரை சட்டம் ஏறக்குறைய நித்திரை. அரைத்து, காய்ச்சி, அடைத்து, லேபிள் ஒட்டினால் விழித்துக்கொள்ளும். அதேபோல விளைச்சலை விட்டு விதை, கன்று, பசளை, மருந்து என்று மற்றத் தோட்டக்காரருக்கு விற்கத் தொடங்கினாலும் விழிக்கும். இதற்கு முக்கியமான விதிவிலக்கு செடிக்கு அடிக்கிற மருந்து. அது நடும் கட்டத்திலேயே சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன். எல்லாரும் கடைசியாகக் கேட்பதும் இதைத்தான், ஆனால் ஆபத்து உள்ளதும் இதில்தான்.

பீடைகொல்லிகளை 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆளுகிறது. பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதியாத எதையும் நாட்டில் விற்க முடியாது. பதிந்ததையும் அனுமதிப்பத்திரம் உள்ள கடைதான் விற்கலாம். பரக்குவாட், டைமெதோயேற், பென்தியன் ஆகியவை 2008 இல் தொடங்கிப் படிப்படியாக நிறுத்தப்பட்டவை. எங்கேயாவது பழைய கொட்டிலில் கிடந்து எடுத்தாலும் பாவிக்கக் கூடாது. இவ்வளவும் கடைக்காரர் பாடு என்று நினைப்பீர்கள். உங்கள் பங்குக்கு வருகிறேன்.

நகரத்துச் சின்னத் தோட்டக்காரர் பெரிய போத்தல் வாங்க மாட்டார். "கொஞ்சமாத் தாங்கோ, மிளகாய்க்குத்தான்" என்று கேட்பார். சில கடைகளில் சோடாப் போத்தலிலோ பாணி மருந்துப் போத்தலிலோ கொஞ்சம் ஊற்றி, மூடிக்கு மேல் பொலித்தீன் சுற்றிக் கொடுப்பார்கள். இப்படிப் பிரித்து ஊற்றி விற்பது சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய பிரச்சினை, லேபிள் இல்லாத போத்தலோடு வீட்டுக்கு வந்தவருக்கு மருந்தின் பெயரே தெரியாது. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, எந்தப் பயிருக்கு, அடித்து எத்தனை நாளுக்குப் பிறகு பறிக்கலாம் என்பதெல்லாம் அந்த லேபிளில்தான் இருக்கிறது. லேபிளின் அடியில் ஓடுகிற நிறப் பட்டையையும் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமை இறங்கும். வீட்டு வளவில் மஞ்சள் பட்டைக்கு மேலே போக எந்தத் தேவையும் இல்லை. மஞ்சளுமே எனக்குப் பிடிக்காது.

அடித்த நாளில் இருந்து பறிக்கும் நாள்வரை விட வேண்டிய இடைவெளியைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். லேபிளில் 7 நாள், 14 நாள் என்று இருக்கும். கத்தரி, மிளகாய்க்கு இதைக் கடைப்பிடிப்பதே கஷ்டம், ஏனென்றால் கிழமைக்கு ஒருக்கால் பறிக்கிற பயிர். கீரையில் கணக்கே சரிவராது. முளைக்கீரை விதைத்து மூன்று, மூன்றரைக் கிழமையில் பிடுங்கி விற்கிற சாமான். அதற்கு 14 நாள் இடைவெளி உள்ள மருந்தை அடிப்பதென்றால், முளைத்து ஒரு கிழமைப் பயிரில் அடித்துவிட்டுப் பிறகு கையே வைக்கக் கூடாது. பூச்சி வருவதோ அதற்குப் பிறகு. ஆகவே கீரைப் பாத்திக்கு மருந்தே வேண்டாம் என்பது வெறும் இயற்கைப் பக்தி அல்ல, நாள்கணக்கு சொல்கிற முடிவு. பூச்சிவலையைக் கட்டிவிட்டால் செலவு ஒருமுறைதான். மிளகாய்க்கு அடித்த மருந்து காற்றில் கீரைக்குப் போகாமல் இரண்டையும் தள்ளி நடச் சொல்லுங்கள். இரண்டு பரப்பு என்பது இருபது பேர்ச். அதற்குள் தள்ளி நடுவதும் ஓரளவுக்குத்தான்.

வேப்பங்கொட்டைக் கரைசல், உள்ளி மிளகாய்க் கரைசல் எல்லாம் உங்கள் தோட்டத்துக்கு நீங்களே கரைத்து அடிப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் அதைப் போத்தலில் அடைத்து "பூச்சி விரட்டி" என்று முகநூலில் விற்கத் தொடங்கினால் அதுவும் பீடைகொல்லிதான், பதிவு இல்லாமல் விற்க முடியாது. இயற்கையானது என்பதால் விலக்குக் கிடைக்காது.

சரி, இனி விற்பனை. பச்சை மரக்கறி, கீரை, காளான் எல்லாம் அப்படியே அயலட்டைக்குக் கொடுப்பது, வட்ஸ்அப் குழுவில் போட்டு வீட்டு வாசலில் விற்பது, சந்திக் கடைக்குக் கட்டுக்கட்டாகப் போடுவது, இவற்றுக்குத் தனி உரிமம் எடுத்தாக வேண்டும் என்று யாரும் உங்களைத் துரத்தப் போவதில்லை. அதற்காக உணவுச் சட்டம் உங்களைத் தொடாது என்றும் எண்ண வேண்டாம். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தில், மனிதர் உண்ணத் தகாததை விற்பது மட்டுமல்ல, விற்பதற்காக வைத்திருப்பதும் குற்றந்தான். மருந்து மணக்கிற கத்தரிக்காய்க்கும் இது பொருந்தும், பூஞ்சணம் பிடித்த காளானுக்கும் பொருந்தும். காளானில் பைக்குள் வளரும் பச்சைப் பூஞ்சணத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை விற்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்தப் பையை முழுதாக அகற்றுவதுதான் முறை.

தராசையும் யோசிக்க வேண்டும். வீட்டில் கேக் நிறுக்கிற சின்ன இலத்திரனியல் தராசில் நிறுத்து விற்பார்கள். விற்பனைக்குப் பாவிக்கும் எந்தத் தராசும் 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின்படி ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை வாங்கியிருக்க வேண்டும். கட்டுக் கணக்கில் கீரை விற்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. காளானை நிறுத்து விற்பதானால் முத்திரை குத்தக்கூடிய தராசாகப் பார்த்து வாங்குங்கள். எல்லாத் தராசும் அதற்குத் தகுதியானது அல்ல.

திருநெல்வேலிச் சந்தைக்கோ மருதனார்மடத்துக்கோ கொண்டுபோனால், உள்ளூராட்சி சபையின் சந்தை விதிகளுக்குள் போகிறீர்கள். குத்தகைக்காரர் வாங்குகிற கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் நெடுங்காலமாக இருக்கிற இன்னொரு வழக்கம் பத்து வீதக் கழிவு. நூறு கிலோ போட்டால் தொண்ணூறுக்குக் காசு. விவசாயிகள் பலமுறை முறையிட்ட விடயம் இது. சின்ன அளவில் செய்கிறவருக்குச் சந்தையைவிட வீட்டு வாசல் வியாபாரமே மிச்சம் என்பது என் எண்ணம்.

இனித்தான் உங்கள் தங்கச்சியின் உண்மையான கேள்வி: தூளும் ரசமும்.

இலையை உருவி, கழுவி, காயவைத்து, அரைத்துப் பைக்குள் போட்டுச் சூடு வைத்து ஒட்டிய கணத்தில் அவர் தோட்டக்காரர் என்ற நிலையில் இருந்து உணவு உற்பத்தியாளராக மாறிவிடுகிறார். அதன் பிறகு உணவுச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகள் எல்லாம் அவருக்கும் பொருந்தும். சுகாதாரம் பற்றி ஒன்று, லேபிளும் விளம்பரமும் பற்றி ஒன்று, நிறமூட்டிகள், பாதுகாப்புப் பொருட்கள் பற்றித் தனித்தனியாக வேறு. உணவு தயாரிக்கிற இடத்தையே பதிய வேண்டும் என்று 2019 இலும் ஓர் ஒழுங்குவிதி வந்தது. இதற்கெல்லாம் பொறுப்பான உத்தியோகத்தர் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அவருக்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரி.

இங்கே நல்லூருக்கே உரிய ஒரு சிக்கல். நல்லூர்ப் பிரதேச செயலகப் பிரிவில் ஒரு பகுதி யாழ்ப்பாண மாநகர சபைக்குள் இருக்கிறது, கொக்குவில், கோண்டாவில் பக்கம் நல்லூர்ப் பிரதேச சபைக்குள் வருகிறது. எது உங்களுடையது என்பதை ஆதனவரிப் பற்றுச்சீட்டைப் பார்த்தால் தெரியும். தெரியாமல் போனால் ஒரு கந்தோரில் இருந்து மற்றதுக்கு அனுப்பி ஒரு நாளை வீணாக்கிவிடுவார்கள். வியாபார உரிமம் அந்தச் சபையில். வணிகப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில். உரிமம் ஆண்டுக் கணக்கு, டிசம்பர் 31 உடன் முடியும். ஆகவே நவம்பரில் போய் எடுப்பதில் இலாபம் இல்லை.

பி.எச்.ஐ. வருவார் என்று பயந்து இருப்பதைவிட நாங்களே போய்க் கூப்பிடுவது எப்போதும் நல்லது. போத்தலும் லேபிளும் அடித்து முடிந்த பிறகு கூப்பிடாதீர்கள். தொடங்க முதல் கூப்பிடுங்கள். அவர் வந்தால் பார்க்கிறவை பெரிய இரகசியம் அல்ல. தயாரிக்கிற இடம் வீட்டுச் சமையலோடு கலக்காமல் இருக்கிறதா, மேலே ஓட்டுக்கூரையில் இருந்து தூசி விழாதா, சுவர் கழுவக்கூடியதா, நாய் பூனை உள்ளே வராதா, கை கழுவச் சவர்க்காரத்தோடு இடம் இருக்கிறதா, செய்கிறவருக்கு மருத்துவச் சான்று இருக்கிறதா. முருங்கையிலையை மொட்டைமாடியில் பாயில் விரித்து வெயிலில் காயவிடும் வழக்கத்தை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நல்லதுதான். வெயிலில் காய்ந்த இலை பழுப்பாகும், நிழலில் வலைக்கூட்டுக்குள் காய்ந்தது பச்சையாக இருக்கும். சுகாதார விதியும் தூளின் நிறமும் இந்த இடத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன.

அவர் அடுத்துக் கேட்கப்போவது கிணற்றைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல. எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். பாறை வெடிப்புகளுக்குள்ளால் மலசலகூடக் குழியின் நீரும் தோட்டத்துப் பசளையும் கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த சங்கதி. குடிநீருக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614 இல் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, ஈ.கோலை இருக்கவே கூடாது. இலை கழுவுகிற தண்ணீரும் ரசத்துக்குச் சேர்க்கிற தண்ணீரும் இந்தத் தரத்தில் இருக்க வேண்டும். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் கட்டணத்துக்குப் பரிசோதித்துத் தருவார்கள். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பி.எச்.ஐ.யைக் கூப்பிட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஒரு விடயம் ஞாபகம்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

லேபிளுக்கு வருவோம். பொருளின் பொதுப்பெயர், சேர்த்த பொருட்கள் அளவில் கூடியதில் இருந்து குறைந்தது வரை, நிகர நிறை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, செய்தவரின் பெயர் முகவரி, ஆகக்கூடிய சில்லறை விலை, வைக்கும் முறை. பெயரை மூன்று மொழியிலும் எழுதுவது பத்திரம். லேபிள் ஒழுங்குவிதி 2005 இல் வந்ததை மாற்றி 2022 இல் புதிதாகப் போட்டார்கள். ஆகவே கடையில் இருக்கிற பழைய பைக்கற்றைப் பார்த்து அச்சகத்தில் அடிக்கக் கொடுக்காதீர்கள். மாதிரி வரைவைப் பி.எச்.ஐ.யிடம் காட்டித் திருத்தி வாங்கிய பிறகு அடியுங்கள். ஆயிரம் லேபிள் அடித்துவிட்டு மேலே ஸ்ரிக்கர் ஒட்டிக்கொண்டு இருப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

சந்திக் கடைக்காரர் முகவரி இல்லாத பைக்கற்றை வாங்கத் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. பழுதான சாமான் அவர் கடையில் பிடிபட்டால் வழக்கு அவருக்கு வரும். யாரிடம் வாங்கினேன் என்று காட்டப் பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் இருந்தால்தான் அவருக்குத் தப்ப வழி. நீங்கள் கொடுக்கிற சின்ன பில் புத்தகம் உங்களைவிட அவருக்குத்தான் அதிகம் தேவை.

முருங்கையிலைத் தூள் விற்கிறவர்கள் எல்லாரும் விழுகிற பள்ளம் ஒன்று இருக்கிறது. "நீரிழிவைக் குணமாக்கும், பிரஷரைக் குறைக்கும்" என்று லேபிளில் போடுவது. உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்ல ஒழுங்குவிதி இடம் கொடுக்காது. பைக்கற்றில் போடாமல் முகநூலில் மட்டும் போட்டாலும் அது விளம்பரம்தான். மருந்து என்று சொல்லி விற்பதானால் ஆயுர்வேதத் திணைக்களத்தின் பக்கம் போக வேண்டிவரும், அது வேறு நீண்ட வழி. "முருங்கையிலைத் தூள்" என்று மட்டும் போடுங்கள். அது எதற்கு நல்லது என்று யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

"சேதன உற்பத்தி", "ஓர்கானிக்" என்ற சொற்களிலும் கவனம். சான்றிதழ் இல்லாமல் அதைப் போட்டு, யாராவது கேள்வி கேட்டால் காட்ட உங்களிடம் எதுவும் இராது. சான்று எடுப்பதோ ஏற்றுமதிக்காரருக்கு அளந்த செலவு. சின்னத் தோட்டத்துக்குப் பொருத்தமானது விவசாயத் திணைக்களம் கொடுக்கிற நல்ல விவசாய நடைமுறைச் சான்று, எஸ்.எல். கெப் என்பார்கள். அதில் மருந்து, பசளை, தண்ணீர், பறித்த திகதி எல்லாம் பதிவுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். சான்று எடுக்காவிட்டாலும் அந்தப் புத்தகத்தை எழுதுங்கள். திருநெல்வேலியில் இருக்கிற விவசாயக் கந்தோரில் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் யார் என்று கேட்டால் சொல்வார்கள். அவர் வழக்குப் போட வருகிற ஆள் அல்ல, சொல்லிக் கொடுக்க வருகிறவர். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லா அரச உத்தியோகத்தருக்கும் படலையைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

நெல்லி ரசத்தை நான் இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். கடைகளில் நெல்லி கிரஷ் என்று ஓடுகிற சாமான். நல்ல சந்தை இருக்கிறது, ஆசை வருவது நியாயம். ஆனால் பழக் கோடியல், ஸ்குவாஷ், உடனே குடிக்கும் பழப்பானம் போன்றவை எஸ்.எல்.எஸ். முத்திரை கட்டாயமான பொருட்களின் பட்டியலில் இருக்கின்றன. அந்த முத்திரைக்கு ஆய்வுகூடச் சோதனை, தயாரிப்பிடப் பரிசோதனை, கட்டணம் என்று வீட்டுக் குசினி தாங்காத வேலை. அதோடு சோடியம் பென்சோவேற்று, சல்பைற்று மாதிரிப் பாதுகாப்புப் பொருள் கரண்டிக் கணக்கில் போடுகிற விடயம் அல்ல, மில்லிகிராம் கணக்கு. பானங்களுக்குச் சீனி அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளமும் 2016 இல் இருந்து உண்டு. தூளில் ஒரு வருடம் கை பழகட்டும். அதுவரை நெல்லிக்காயைக் காயாகவே, பதிவு உள்ள உற்பத்தியாளர் ஒருவருக்குக் கொடுக்கலாம். பிறகும் ஆசை இருந்தால் கைத்தொழில் அபிவிருத்திச் சபையில் பயிற்சி பற்றிக் கேளுங்கள்.

விதை, கன்று, கூட்டெரு விற்பனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கீரை நன்றாக வரத் தொடங்கியதும் யாராவது "எனக்கும் கொஞ்சம் விதை தாங்கோ" என்று காசோடு வருவார்கள். அயலாருக்குக் கைமாற்றிக் கொடுப்பது வேறு. பைக்கற்றில் அடைத்து வியாபாரமாக விற்பது 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டத்துக்குள் வருகிறது, விதை கையாளுபவராகப் பதிய வேண்டும். கூட்டெருவைப் பையில் கட்டி விற்பது 1988 ஆம் ஆண்டின் பசளை ஒழுங்குபடுத்தல் சட்டத்துக்குள். உங்கள் பாத்திக்கு நீங்கள் செய்கிற கூட்டெருவுக்கு எவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து நவம்பரில் விலக்கியதற்கு இடையில், யூரியாவுக்கு அலையாமல் இருந்தவர்கள் வளவுக்குள் கூட்டெருக் கிடங்கு வைத்திருந்தவர்கள்தான்.

மாமி கொண்டுவருகிற விதை. இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள், ஆனால் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விதையோ கன்றோ வெளிநாட்டில் இருந்து கொண்டுவர முன்கூட்டிய இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றும் வேண்டும். ரொறொன்ரோக் கடையில் வாங்கிய அழகான தக்காளி விதைப் பைக்கற்றுக்கும் இதேதான். பலாலியில் இருந்து சென்னை விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, காங்கேசன்துறை நாகபட்டினம் கப்பலும் வந்த பிறகு, மல்லிகைக் கன்று, கறிவேப்பிலைக் கன்று என்று மண்ணோடு சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வருகிற யோசனை எல்லாருக்கும் வருகிறது. மண்ணோடு கொண்டுவருவதை மறந்தே விடுங்கள். ஒரு கன்றுக்கு ஒட்டி வருகிற புழுவும் வைரசும் குடாநாட்டு மிளகாய்த் தோட்டம் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் ஓயும். பார்த்தீனியம் எப்படி வந்தது என்பதற்கு இந்தியப் படையின் ஆடுகளோடு என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். எப்படி வந்திருந்தாலும் அது இன்றைக்கு எங்கள் ஒவ்வொரு வெறுங்காணியிலும் நிற்கிறது. அதுவும் சட்டப்படி அழிக்க வேண்டிய களை. பூக்க முதல், கையுறை போட்டு, வேரோடு பிடுங்க வேண்டும்.

வெறுங்காணி என்றதும் பெரியப்பாவின் காணி. யாழ்ப்பாண நகரத்தில் பூட்டிய படலைக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடக்கிற காணிகள் எத்தனை! தோட்டம் செய்யக் கேட்டால் சொந்தக்காரர் தயங்குவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான்: 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். பத்து ஆண்டு இடையறாது, சொந்தக்காரருக்கு எதிரான உரித்தோடு ஆண்டால் காணி ஆண்டவருக்குப் போகலாம் என்ற சட்டம் அது. அனுமதியோடு இருப்பவருக்கு அந்த உரிமை வராது. எனவே "இன்னாரின் அனுமதியோடு மரக்கறி செய்கிறேன், கேட்கும்போது விட்டுவிடுவேன்" என்று ஒரு கடிதம் எழுதி, சாட்சியோடு இருவரும் கையெழுத்து வைத்துப் பிரதி அனுப்பிவிடுங்கள். பெரியப்பாவுக்கு நித்திரை வரும், உங்களுக்குக் கிணறும் நிலமும் கிடைக்கும். ஒருமுறை சட்டத்தரணியிடம் காட்டுவதும் நல்லது. அந்தக் காணி உறுதியில் வயல் என்று இருந்தால் மட்டும் கமநல சேவை நிலையத்தைக் கேட்காமல் மண் போட்டு நிரப்பாதீர்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதில் கடுமை. வெயில் வேண்டும் என்பதற்காகப் பலா, ஈரப்பலா, பனை தறிப்பதானாலும் பிரதேச செயலக அனுமதி தேவை. விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) முதலில் ஒரு சொல்லுச் சொன்னால் அவரே வழி காட்டுவார்.

உண்மையில் உங்கள் தங்கச்சியின் வளவுக்குள் பி.எச்.ஐ. வருவாரானால், உணவுக்காக வருவதைவிட டெங்குக்காக வரும் வாய்ப்பே கூட. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம். மாரி தொடங்கினால் குடாநாட்டில் வீடு வீடாகப் பார்ப்பார்கள். நகரத் தோட்டக்காரர் வளவில் இல்லாத பாத்திரமே இல்லை: பெயின்ற் வாளி, வெட்டிய ரயர், சாடிக்கு அடியில் வைத்த தட்டு, தண்ணீர் பிடிக்கிற பரல், கவிழ்த்து வைக்க மறந்த யோகற் கோப்பை. வெட்டிய ரயர்ச் சாடியில் மண்ணுக்கு மேலே நிற்கிற விளிம்பின் உட்பக்க மடிப்பைப் பாருங்கள், கைவிட்டால் தண்ணீர் படும். அங்கேதான் குடம்பி நெளியும். அடியில் மட்டும் துளை போட்டால் போதாது, அந்த மடிப்பிலும் துளை வேண்டும். பரலுக்கு வலைத்துணி கட்டுங்கள். பிடிபட்டால் நேரே நீதவான் நீதிமன்றம், தண்டப்பணம். காய்கறிச் செடி நடுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. தேங்கி நிற்கிற தண்ணீர்தான் அதற்கு எதிரி.

கடைசியாக ஆறு கோழி. வீட்டுத் தேவைக்கு வளர்க்கத் தனி அனுமதி எதுவும் தேவைப்படாது. முட்டை மிஞ்சினால் அயலுக்குக் கொடுக்கலாம். உரித்து இறைச்சியாக விற்பது மட்டும் வேண்டாம், அதற்குச் சபையின் உரிமம் உள்ள இடம் வேண்டும். கோழிகளுக்கு வருகிற இராணிக்கற் நோய்த் தடுப்பூசிக்கு அரச கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். கோழி எருவைப் பச்சையாகக் கீரைப் பாத்தியில் போடாமல் கூட்டெருவோடு மக்கவைத்துப் போடுங்கள். கூட்டை அயலவரின் குசினி யன்னலுக்கு மற்றப் பக்கமாக வையுங்கள். நகரத்தில் கோழி வளர்க்கிறவருக்கு வருகிற முறைப்பாடு எல்லாம் அந்த யன்னலில் இருந்துதான் வருகிறது. மணத்தாலும் கூவலாலும் அயலுக்குத் தொல்லை என்று முறைப்பாடு போனால், ஆறு கோழிக்கும் சேர்த்துப் பி.எச்.ஐ. வரத்தான் செய்வார்.